வெடிக்கும் விண்மீன்களும் ரேடியோ தொலைநோக்கிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, கல்லூரிகளில் வானியல் பற்றிப் பேசப் போகும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடிந்ததே இல்லை, ஏனென்றால் இந்தத் துறை எனக்குப் பிடித்துப்போனதே அந்தப் பதில்களால்தான்.

விண்மீன் வெடிக்கும் சத்தத்தையா ரேடியோ தொலைநோக்கியில் கேட்கிறார்கள்?

இல்லை. ரேடியோ அலையும் ஒளிதான், அலைநீளம் மட்டும் பல மடங்கு அதிகம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு. ரேடியோ வானியலில் மில்லிமீட்டரில் தொடங்கிப் பல மீட்டர் வரை போகும். தொலைநோக்கியில் வந்து சேர்வது ஒலி அல்ல, மிக மெலிந்த மின்காந்த அலை. அதை எண்களாகப் பதிவு செய்து, கணினியில் படமாக்கிப் பார்க்கிறார்கள்.

எவ்வளவு மெலிந்தது? நிலவில் யாரோ ஒருவர் செல்போனில் பேசுவதாக வைத்துக்கொள்வோம். அந்த போன், இங்கிருந்து பார்த்தால், பக்கத்து கேலக்ஸியில் வெடித்த விண்மீனைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசமான ரேடியோ மூலமாக இருக்கும்.

வெடிப்பிலிருந்து ரேடியோ அலை எப்படி வருகிறது?

சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறை உள்ள விண்மீன், எரிபொருள் தீர்ந்ததும் மையத்தில் இடிந்து விழுகிறது. வெளிப்பகுதி சிதறிப் பறக்கிறது. இதுதான் நாம் அதிகம் பார்க்கும் சூப்பர்நோவா.

ஆனால் ரேடியோ அலை அந்த வெடிப்பிலிருந்து நேரடியாக வருவதில்லை. இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விண்மீன் சாவதற்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தன் மேற்பரப்பிலிருந்து வாயுவைக் காற்றாக ஊதித் தள்ளிக்கொண்டே இருந்திருக்கும். வெடித்துச் சிதறிய பொருள், வினாடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேலான வேகத்தில் போய் அந்தப் பழைய காற்றில் மோதுகிறது. மோதும் இடத்தில் அதிர்ச்சி அலை உருவாகிறது. அங்கே காந்தப்புலம் வலுக்கிறது, எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. காந்தப்புலத்தில் சுழலும் அந்த எலக்ட்ரான்கள் உமிழ்வதுதான் நாம் பிடிக்கும் ரேடியோ அலை. சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்பார்கள். இதன் கணக்கை ரோஜர் செவாலியர் என்ற வானியலாளர் 1982ல் எழுதினார். இன்றும் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சாதாரணத் தொலைநோக்கியிலேயே வெடிப்பு தெரிகிறதே, ரேடியோ எதற்கு?

என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால், இதைக் கேளுங்கள் என்பேன்.

கண்ணுக்குத் தெரியும் ஒளி, வெடித்த பொருளைப் பற்றிச் சொல்கிறது. ரேடியோவோ, வெடிப்பதற்கு முன் அந்த விண்மீன் எப்படி வாழ்ந்தது என்று சொல்கிறது. கணக்கைப் பாருங்கள். செம்பெரு விண்மீன் ஒன்றின் காற்று வினாடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. வெடிப்பின் அதிர்ச்சி அலை 10,000 கிலோமீட்டர் வேகத்தில் துரத்துகிறது. ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆக, வெடித்த மறுநாள் அதிர்ச்சி அலை தொடும் வாயு, விண்மீன் சாவதற்குக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊதியது. ஓராண்டு கழித்துத் தொடும் வாயு ஆயிரம் ஆண்டு பழையது. நாம் நாள்காட்டியை முன்னால் புரட்டப் புரட்ட, விண்மீனின் நாட்குறிப்பு பின்னோக்கிப் புரள்கிறது.

காற்று அடர்த்தியாக இருந்த காலத்தை அலை கடக்கும்போது ரேடியோ வெளிச்சம் கூடும், மெலிந்த காலத்தில் குறையும். எஸ்என் 2014சி என்ற வெடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள் (எஸ்என் என்றால் சூப்பர்நோவா, அடுத்து வருவது ஆண்டு). 2014 ஜனவரியில் என்ஜிசி 7331 என்ற கேலக்ஸியில் கண்டுபிடித்தபோது அதன் ஒளியில் ஹைட்ரஜனே இல்லை. மேலாடையைக் கழற்றிவிட்ட விண்மீன் என்று வகைப்படுத்தினார்கள். ஓராண்டு ஆவதற்குள் நிலைமை மாறியது. ஹைட்ரஜனின் அடையாளம் தெரிந்தது, எக்ஸ் கதிர் கூடியது, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே உள்ள ரேடியோ தொலைநோக்கியின் வரைபடத்தில் ஒரு மேடு இறங்கி, இரண்டாவது மேடு எழுந்தது. விண்மீன் எப்போதோ உதறிவிட்ட ஹைட்ரஜன் உறை, தொலைவில் ஒரு கூடாக நின்றுகொண்டிருந்திருக்கிறது. அதிர்ச்சி அலை போய் அதில் முட்டியிருக்கிறது. பார்ப்பதை முதல் மாதத்திலேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

வெடித்த அன்றே ரேடியோவில் தெரிந்துவிடுமா?

பெரும்பாலும் தெரியாது. வெடிப்பின் வெளிச்சம் சுற்றியுள்ள காற்றை அயனியாக்கிவிடுகிறது, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. அயனியான வாயு ரேடியோ அலையை விழுங்கும். நீண்ட அலைகளை இன்னும் அதிகமாக விழுங்கும். அதிர்ச்சி அலை வெளியே நகர நகர, அதற்கும் நமக்கும் நடுவே மிச்சமிருக்கும் வாயு குறைகிறது. ஊட்டியில் காலைப் பனிமூட்டம் கலைவது மாதிரிதான். முதலில் குறுகிய அலைகள் வெளியே வரும், வாரங்கள் மாதங்கள் கழித்து நீண்டவை வரும். எந்த அலைநீளம் எந்த நாளில் எட்டிப்பார்த்தது என்பதை வைத்தே மூட்டம் எவ்வளவு கனமாக இருந்தது என்று கணக்கிடலாம்.

2023 மே 19 அன்று ஜப்பானைச் சேர்ந்த கோய்ச்சி இட்டாகாகி என்ற பொழுதுபோக்கு வானியலாளர் எம்101 கேலக்ஸியில் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார். பெயர் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப். சுமார் 2 கோடி ஒளியாண்டு தூரம். சூப்பர்நோவாவுக்கு அது அடுத்த தெரு. உலகத்தின் பாதித் தொலைநோக்கிகள் திரும்பின. ரேடியோவிலோ முதல் நாட்களில் ஒன்றுமில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத்தான் அமெரிக்காவின் விஎல்ஏ தொலைநோக்கியில் புள்ளி தெரிந்தது. அந்த ‘ஒன்றுமில்லை’ என்பதும் ஒரு தரவுதான். விண்மீனை ஒட்டி எவ்வளவு கனமான வாயு இருந்திருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. ரேடியோ வானியலில் ‘தெரியவில்லை’ என்று எழுதப்படும் அறிக்கைகளை நான் அக்கறையோடு படிப்பேன்.

எஸ்என் 1987ஏ பற்றி எல்லோரும் சொல்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

பால்வீதிக்குத் துணையாகச் சுற்றும் பெரிய மெகல்லன் மேகத்தில், 1.68 லட்சம் ஒளியாண்டு தூரத்தில், 1987 பிப்ரவரியில் நடந்த வெடிப்பு அது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. 1604ல் கெப்ளர் பார்த்ததற்குப் பிறகு இவ்வளவு பிரகாசமாக ஒன்று தெரிந்ததில்லை. சிலியில் லாஸ் கம்பானாஸ் மலையில் இயன் ஷெல்டன் தான் எடுத்த புகைப்படத் தகட்டில் அதைக் கண்டுபிடித்தார். ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் பிடிபட்டிருந்தன.

ரேடியோவில் அதன் கதையே தனி. ஆஸ்திரேலியாவின் மொலாங்லோ தொலைநோக்கி இரண்டே நாளில் சிக்னலைப் பிடித்தது. ஆனால் மிகவும் பலவீனமான சிக்னல், சில வாரங்களில் மங்கிவிட்டது. ஏன் இவ்வளவு சீக்கிரம்? வெடித்தது சாண்டுலீக் பட்டியலில் இருந்த ஒரு நீலப் பெருவிண்மீன். எல்லோரும் எதிர்பார்த்தது செம்பெரு விண்மீனை. நீல விண்மீனின் காற்று வேகமானது, மெலிந்தது. மோதுவதற்கு அங்கே அதிகம் எதுவும் இல்லை.

பிறகு மூன்று ஆண்டுக்கும் மேல் மௌனம். 1990 நடுவில் மொலாங்லோ மீண்டும் ஒரு சிக்னலைப் பார்த்தது. அதிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு பிரகாசம் கூடிக்கொண்டே வந்தது. காரணம், அந்த விண்மீன் நீலமாவதற்கு முன் செம்பெரு விண்மீனாக இருந்த காலத்தில் ஊதிய கனமான வாயு தூரத்தில் நின்றிருந்தது. அதிர்ச்சி அலை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வெடிப்புக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய பொருள் ஒரு வளையமாக அங்கே இருக்கிறது. ஹப்பிள் படங்களில் முத்துமாலை போல ஒளிர்வது அதுதான். ரேடியோ படத்திலும் வளையம் தெரியும், அதில் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடப் பிரகாசமாக இருக்கும். ஒரு மனிதர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறும் காலம் முழுக்க ஒரே வெடிப்பை விடாமல் அளந்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது.

எல்லா சூப்பர்நோவாவும் ரேடியோவில் தெரியுமா?

தெரியாது. வெள்ளைக் குறுமீன் (சூரியன் போன்ற விண்மீன் செத்த பின் மிஞ்சும் மையம்) ஒன்று அணுக்கரு எரிப்பில் சிதறும் வகை உண்டு, ஐஏ வகை என்பார்கள். பிரபஞ்சம் விரிவடையும் வேகத்தை அளக்க உதவுவது அதுதான். அந்த வகையில் ரேடியோ பல பத்தாண்டுகள் கிடைக்கவே இல்லை. 2011ல் எம்101லேயே வெடித்த எஸ்என் 2011எஃப்இ அவ்வளவு பக்கத்தில் இருந்தும் ரேடியோவில் மௌனம். சுற்றிலும் வாயு கிட்டத்தட்ட இல்லை என்று அர்த்தம். எனவே அந்தக் குறுமீனோடு ஜோடியாகச் சுற்றிய துணை விண்மீன், நிறைய வாயுவை ஊதும் செம்பெரு விண்மீனாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். முதல் விதிவிலக்கு எஸ்என் 2020இஒய்ஜே. துணை விண்மீன் இழந்த ஹீலியம் சூழ்ந்திருந்ததால் அது ரேடியோவில் பிடிபட்டது, 2023ல் அறிவித்தார்கள்.

கண்ணுக்கே தெரியாமல் ரேடியோவில் மட்டும் தெரிந்த வெடிப்பு உண்டா?

உண்டு. எம்82 கேலக்ஸியின் நடுப்பகுதி தூசியால் மூடிக் கிடக்கிறது. அங்கே 2008ல் நடந்த ஒரு வெடிப்பை எந்த ஒளித் தொலைநோக்கியும் பார்க்கவில்லை. 2009ல் ரேடியோ படங்களை ஒப்பிட்டபோதுதான் அது சிக்கியது. எஸ்என் 2008ஐஇசட் என்று பெயர்.

நம் வீட்டிலேயும் ஒன்று நடந்திருக்கிறது. பால்வீதியின் மையப் பகுதியை ஒட்டி ஜி1.9+0.3 என்ற வெடிப்பு எச்சம் இருக்கிறது. 1985ல் எடுத்த ரேடியோ படத்தையும் 2008ல் எடுத்ததையும் வைத்துப் பார்த்தபோது அது கண்கூடாகப் பெரிதாகியிருந்தது. விரியும் வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் வயது நூற்றுச் சொச்சம்தான். அதாவது நம் கொள்ளுத் தாத்தா காலத்தில் அந்த வெளிச்சம் பூமிக்கு வந்திருக்க வேண்டும், தூசி மறைத்ததால் யாரும் பார்க்கவில்லை.

இந்தியாவில் இந்த வேலை எங்கே நடக்கிறது?

முக்கியமாகப் புனேயிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி, நாராயண்காவ் பக்கத்தில் கோடாட் என்ற ஊரில். அங்கே உள்ள ஜயன்ட் மீட்டர்வேவ் ரேடியோ டெலஸ்கோப்பை ஜிஎம்ஆர்டி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 45 மீட்டர் அகலம் கொண்ட 30 டிஷ்கள். பதினான்கு ஒரு கிலோமீட்டருக்குள் நெருங்கி நிற்கும். மீதி பதினாறு மூன்று கிளைகளாக 25 கிலோமீட்டர் வரை பரவியிருக்கும்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் டிஷ்ஷின் ஊடாக வானம் தெரியும். தகடு கிடையாது, துருப்பிடிக்காத கம்பி வலைதான். கண்ணிகள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். இங்கே பிடிக்கும் அலைகளோ இருபது சென்டிமீட்டரில் தொடங்கி இரண்டு மீட்டருக்கும் மேல். சல்லடையில் மாவு விழும், மாங்காய் விழாது. அதே போல இந்த அலைக்கு வலை ஒரு முழுச் சுவர். காற்றோ உள்ளே புகுந்து போய்விடும். அதனால் எடை குறைந்தது, செலவும் குறைந்தது. இந்திய ரேடியோ வானியலின் முன்னோடி கோவிந்த் ஸ்வரூப்பின் யோசனை இது.

நீண்ட அலைகள் தாமதமாகத்தான் வெளியே வரும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் ஒரு வெடிப்பின் பரபரப்பு அடங்கி, மற்ற தொலைநோக்கிகள் வேறு வேலைக்குப் போன பிறகு ஜிஎம்ஆர்டியின் முறை வரும். மாதங்கள், ஆண்டுகள் கழித்து எடுக்கும் அந்த அளவீடுகள் விண்மீனின் பழைய பக்கங்களைப் படித்துக் காட்டுகின்றன.

வேலை எப்படி இருக்கும் என்றால்: முதலில் பிரகாசம் நன்றாகத் தெரிந்த ஒரு மூலத்தை, உதாரணமாக 3சி 286ஐ, பத்துப் பதினைந்து நிமிடம் பார்ப்பார்கள். அப்புறம் வெடித்த கேலக்ஸிக்குத் திருப்புவார்கள். அரை மணிக்கு ஒருமுறை பக்கத்தில் இருக்கும் ஒரு நிலையான மூலத்துக்குப் போய்ச் சரிபார்த்து வருவார்கள். முடிந்ததும் செல்போன் கோபுரம், மின்கம்பி, செயற்கைக்கோள் ஆகியவற்றின் இரைச்சலை வெட்டி எறிய வேண்டும்; பாதி உழைப்பு இங்கேதான் போகும். கடைசியில் ஒரு படம் வரும். கேலக்ஸியின் மங்கலான படலத்தில் ஓர் ஓரமாக ஒரு சிறு புள்ளி. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

ஊட்டியில் உள்ள தொலைநோக்கியும் இதற்குத்தானா?

அது வேறு நோக்கத்துக்குக் கட்டியது. ஊட்டிக்கு அருகே முத்தொரையில் 1970ல் முடித்தார்கள், அதுவும் ஸ்வரூப் குழுவின் வேலை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், பாதியாகப் பிளந்த குழாய் வடிவம். மலைச்சரிவு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 பாகை சாய்ந்திருப்பதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினாலே வான்பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். நிலவு தொலைதூரக் கேலக்ஸிகளை மறைக்கும் கணத்தை அளப்பதுதான் முதல் நோக்கம். பிறகு பல்சார்களுக்கும் (சீராகத் துடிக்கும் விண்மீன் எச்சங்கள்) சூரியக் காற்றுக்கும் அதிகம் பயன்பட்டது.

சூப்பர்நோவா தவிர வேறு என்ன திடீரென்று தோன்றி மறைகிறது?

ஆங்கிலத்தில் டிரான்சியன்ட் என்பார்கள். தமிழில் ‘திடீர் வான்நிகழ்வு’ என்று நான் சொல்வதுண்டு.

காமா கதிர் வெடிப்புகள் ஒன்று. 1997 மே 8ல் நடந்த வெடிப்புக்குப் பிறகு முதன்முறையாக டேல் ஃப்ரெய்ல் குழு அதன் ரேடியோ எச்ச ஒளியைப் பிடித்தது. அந்தப் புள்ளி முதல் வாரங்களில் நடுங்கியது, பிறகு நடுக்கம் அடங்கியது. விண்மீன் மினுக்கும், கோள் மினுக்காது என்று சின்ன வயதில் படித்திருப்போம். இங்கேயும் அதே தத்துவம்தான், நடுவில் இருப்பது மட்டும் வளிமண்டலத்துக்குப் பதிலாகப் பால்வீதியின் வாயு. மூலம் பெரிதானதும் மினுக்கல் நின்றது. எந்தப் படத்திலும் தனியாகத் தெரியாத ஒன்றின் அளவையும், அது ஒளியின் வேகத்தை ஒட்டி விரிந்ததையும், வெறும் நடுக்கத்தை வைத்துச் சொன்னார்கள்.

2017 ஆகஸ்ட் 17ல் 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஈர்ப்பலை வந்தது. ரேடியோ 16 நாள் கழித்துத் தெரிந்தது, சுமார் ஐந்து மாதம் ஏறிக்கொண்டே போய், பிறகு இறங்கியது. ஜிஎம்ஆர்டியும் பின்தொடர்ந்தது. கண்டம் விட்டுக் கண்டம் இணைத்த தொலைநோக்கிகளில் அந்தப் புள்ளி நகர்ந்ததை குணால் மூலே குழு அளந்தது. ஒரு குறுகிய தாரை கிட்டத்தட்ட நம் பக்கமாகப் பாய்ந்தது என்று அதில்தான் உறுதியானது.

எஃப்ஆர்பி என்கிறார்களே, அது வேற்றுக்கிரக வாசிகளா?

அப்படிக் கருத எந்தக் காரணமும் இல்லை. சில மில்லிவினாடிகள் மட்டும் நீடிக்கும் அதிவேக ரேடியோ வெடிப்பு அது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 2001ல் பதிவு செய்ததை, டங்கன் லோரிமர் குழு 2007ல் பழைய தரவில் தோண்டியெடுத்தது. உயர் அதிர்வெண் முன்னாலும் தாழ் அதிர்வெண் பின்னாலும் வரும். வழியில் எவ்வளவு எலக்ட்ரான் இருக்கிறதோ அவ்வளவு தாமதம்; அதை வைத்து, மூலம் பால்வீதிக்கு வெளியே என்று தெரிந்தது. 2020 ஏப்ரல் 28ல் நம் பால்வீதியிலேயே இருக்கும் ஒரு காந்த நியூட்ரான் விண்மீன் இதே மாதிரி வெடித்ததும், மூலங்களில் ஒன்றாவது இதுதான் என்று தெளிவானது. கனடாவின் சைம் தொலைநோக்கி அதைப் பிடித்தது. சைமும் ஊட்டி மாதிரிக் குழாய் வடிவக்காரர்தான், ஆனால் அசையாது.

இதே பார்க்ஸில் எஃப்ஆர்பி போலவே இருக்கும் வேறொரு சிக்னல் பல ஆண்டுகள் குழப்பியது. 2015ல் எமிலி பெட்ராஃப் குழு கண்டுபிடித்தது: வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, அது நிற்பதற்கு முன் திறந்தால் வருகிற அலை அது. லோரிமரின் சிக்னல் அந்த வகை அல்ல என்பதையும் அவர்களே காட்டினார்கள்.

திருவாதிரை எப்போது வெடிக்கும்?

திருவாதிரை ஒரு செம்பெரு விண்மீன், அது வெடிக்கத்தான் போகிறது. ஆனால் அடுத்த ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் என்பதுதான் நேர்மையான பதில். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது கண்ணுக்கே தெரியும் அளவு மங்கியபோது பலர் பரபரப்பானார்கள். தான் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்துக்கொண்டதே முக்கியக் காரணம். எனக்கு அதுவே போதுமான செய்தி. ஊதித் தள்ளும் வேலை நம் கண்முன் நடக்கிறது. என்றோ ஒரு நாள் அதிர்ச்சி அலை அந்த 2019ஆம் ஆண்டு வாயுவையும் தொடும்.

நான் கல்லூரி மாணவர். இதில் எப்படி இறங்குவது?

இயற்பியல், கணிதம், பைத்தான் மூன்றும் வேண்டும். ஜிஎம்ஆர்டியின் பழைய தரவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. கணக்கு தொடங்கிப் பதிவிறக்கலாம். அவற்றைப் படமாக்கும் காசா மென்பொருள் இலவசம். புனேயில் உள்ள தேசிய ரேடியோ வான் இயற்பியல் மையம் மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சிகள் நடத்துகிறது. வீட்டிலிருந்தபடியே தொடங்க வேண்டுமானால் பொதுமக்கள் அறிவியல் ஆய்வில் பங்கெடுக்கும் ஜூனிவர்ஸ் இணையதளத்தில் தென்னாப்பிரிக்காவின் மீர்காட் தொலைநோக்கிப் படங்களில் திடீர் நிகழ்வுகளைத் தேடும் திட்டம் ஒன்று நடந்திருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து, யாரும் கவனிக்காத மாறும் மூலங்களைக் கண்டுபிடித்தார்கள். அதே மாதிரித் திட்டங்கள் அவ்வப்போது வரும்.

முதல் பயிற்சிக்கு எம்81 அல்லது எம்82ன் பழைய தரவை எடுங்கள். இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் படங்களை ஒரே அதிர்வெண்ணில், ஒரே அளவில் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். முதல் முயற்சியில் இரைச்சல்தான் மிஞ்சும். தரவை வெட்டித் திருத்தி மறுபடி போடுங்கள்.